இணைப்பு அறாமல் காத்தவர் – ஜான் போஸ்டல்

(இரண்டாம் ஆண்டு, கணினிப் பொறியியல் துறை)



கம்ப்யூட்டர் உலகில் புகழ் பெற்றவர்கள் யார் என்று கேட்டால், நாம் உடனே கோடீஸ்வரர்கள் பெயரைத்தான் சொல்வோம். ஆனால் பல்கலைக்கழகச் சம்பளத்தில் வேலை பார்த்துக்கொண்டே, உலகம் முழுவதையும் இணைக்கும் விதிகளைக் கட்டிக்காத்த ஒருவர் இருந்தார். ஜாவா லேபில் சாக்கெட் புரோகிராம் எழுதும் நாம் ஒவ்வொருவரும் அவர் போட்ட பாதையில்தான் நடக்கிறோம். அவர்தான் ஜான் போஸ்டல்!

பிறப்பும் படிப்பும்

1943 ஆகஸ்ட் 6 அன்று அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் பிறந்தார் போஸ்டல். லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் 1966இல் இளநிலைப் பட்டமும், 1968இல் முதுநிலைப் பட்டமும், 1974இல் முனைவர் பட்டமும் பெற்றார். நீண்ட தாடியும் காலில் செருப்புமாக, சாமியார் மாதிரிதான் இருப்பாராம்!

1969 அக்டோபர் 29 இரவு அதே பல்கலைக்கழகத்திலிருந்து ஸ்டான்ஃபோர்ட் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு முதல் கம்ப்யூட்டர் செய்தி போனது. இரண்டே எழுத்து போய்ச் சேர்ந்ததும் அங்கிருந்த மெஷின் நின்றுவிட்டது! சரிசெய்து மறுபடியும் அனுப்பினார்கள். இன்றைய இன்டர்நெட்டுக்கு முன்னோடியான ஆர்பாநெட் இப்படித்தான் தொடங்கியது. அதற்கு உழைத்த ஆராய்ச்சி மாணவர்களில் போஸ்டலும் ஒருவர்.

எண்களின் காவலர்

ஒரு சர்வரில் பல புரோகிராம்கள் ஓடும். எந்தச் செய்தி எந்தப் புரோகிராமுக்கு என்று எப்படித் தெரியும்? அதற்கு ஆளுக்கு ஓர் எண் வேண்டும். 1972 மே மாதம், 28 வயது போஸ்டல் ஓர் அறிக்கை எழுதினார். சாக்கெட் எண்களைப் பங்கிட்டுத் தர ஒரு பொறுப்பாளர் தேவை, அதை நானே செய்யட்டுமா என்பதுதான் அதன் சாரம். அன்று எடுத்த பொறுப்பை அவர் சாகும்வரை விடவில்லை. மெயிலுக்கு 25, வெப்சைட்டுக்கு 80 என்று நாம் மனப்பாடம் செய்கிறோமே, அந்தப் பட்டியலைப் பராமரித்தவர் அவர்தான். நம் நாட்டுக்கு 1989இல் 'டாட் இன்' என்ற முகவரி கிடைத்ததும் அவர் பொறுப்பில் இருந்த ஐயானா வழியாகத்தான்.

இணைப்பு என்பது என்ன?

1974இல் விண்ட் செர்ஃப், பாப் கான் இருவரும் டிசிபி முறையை வெளியிட்டார்கள். அதைத் திருத்தி, செம்மைப்படுத்தி, 1981 செப்டம்பரில் ஆர்எஃப்சி 793 என்ற ஆவணமாக வெளியிட்ட பதிப்பாசிரியர் போஸ்டல். 2022இல் புதிய ஆவணம் வரும்வரை 41 வருஷம் அதுதான் சட்டம்!

அதில் நான் வியந்த விஷயம் ஒன்று உண்டு. டிசிபி இணைப்பு என்பது கம்பி அல்ல. இரண்டு முனைகளும் வைத்திருக்கும் நினைவுதான் அது. நம்ம காஞ்சிபுரத்தில் கோர்வைச் சேலை நெய்வதைப் பாருங்க. நெசவாளர் ஒருவர், கரைக்கு நாடா போடத் துணையாள் ஒருவர். இருவரும் காபி குடிக்கப் போனாலும் சேலை கெட்டுப்போவதில்லை. எந்த இழையில் விட்டோம் என்பது இருவருக்கும் தெரியும். அதுபோலத்தான் கிளையண்ட்டும் சர்வரும். முதலில் மூன்று செய்தி பரிமாறி ஒப்பந்தம் செய்துகொள்கின்றன. பிறகு எத்தனை பைட் போனது, எத்தனை வந்தது என்று இரு பக்கமும் கணக்கு வைத்திருக்கும். பேச்சே இல்லாவிட்டாலும் இணைப்பு திறந்தே இருக்கும்.

ஆனால் ஓர் ஆபத்து! துணையாள் சொல்லாமல் எழுந்து போய்விட்டால்? எதிர் மெஷினில் கரண்ட் போய்விட்டால் இந்த முனைக்குத் தெரியாது, காத்துக்கொண்டே கிடக்கும். இந்தப் பாதி திறந்த நிலையையும் அந்த ஆவணம் விளக்குகிறது. ஜாவாவில் இதற்கு செட்கீப்அலைவ் இருக்கிறது. ஆனால் லினக்ஸில் அது சாதாரணமாக 7200 வினாடி, அதாவது 2 மணி நேரம் சும்மா இருந்த பிறகுதான் விசாரிக்கும். அதற்குள் நடுவில் இருக்கும் ரூட்டரே நம்மை மறந்துவிடலாம். ஆகவே அரை நிமிஷத்துக்கு ஒருமுறை சின்னச் செய்தி ஒன்றை புரோகிராமே அனுப்புவது நல்லது. செட்எஸ்ஓடைம்அவுட் வைத்தால் ரீட் முடிவில்லாமல் காத்திருக்காது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். ஒரு செய்தி படித்ததும் ஸ்ட்ரீமை குளோஸ் செய்தால் சாக்கெட்டும் சேர்ந்து மூடிவிடும்! ரீட்லைன் 'நல்' தரும்வரை லூப்பில் படிக்க வேண்டும். அனுப்பியதை ஃபிளஷ் செய்ய வேண்டும். வேலை முழுவதும் முடிந்த பிறகே மூட வேண்டும்.

பூட்டாத கதவு

போஸ்டல் வகுத்த கொள்கை எளிமையானது: அனுப்பும்போது விதி தவறாதே, வாங்கும்போது தாராளமாக இரு. மனிதர்களுக்கும் பொருந்தும் இல்லீங்களா?

1969 முதல் மறையும்வரை ஆர்எஃப்சி ஆவணங்களின் ஆசிரியர் அவரே. அவை யாருக்கும் இலவசம். எங்க வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்த எனக்கு, விலை கொடுத்துத்தான் படிக்கணும் என்றால் அந்தக் கதவு திறந்திருக்காது. அமெரிக்கப் பொறியாளர் படிக்கும் அதே பக்கத்தை நானும் எங்க பாலிடெக்னிக் லேபில் உட்கார்ந்து படிக்கிறேன். ஆங்கிலம் கஷ்டம்தான், அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் முடியும்.

மறைவு

1995 ஆகஸ்ட் 15 அன்று சென்னை உள்ளிட்ட நகரங்களில் பொதுமக்களுக்கு இன்டர்நெட் வந்தது. அடுத்த மூன்று ஆண்டுகளில், 1998 அக்டோபர் 16 அன்று, இதய அறுவை சிகிச்சைக்குப் பின் ஏற்பட்ட சிக்கலால் போஸ்டல் காலமானார். வயது 55தான். அவர் கவனித்துவந்த எண்களின் பொறுப்பு, அந்த ஆண்டுதான் தொடங்கப்பட்ட ஐகேன் அமைப்பிடம் போனது. மனிதர் போனார்; இணைப்பு அறவில்லை. காரணம், அவர் எல்லாவற்றையும் எழுதிவைத்திருந்தார். எல்லோருக்கும் தெரியும்படி வைத்திருந்தார்.

நண்பர்களே! நாமும் கற்றதைப் பூட்டி வைக்காமல், எழுதிவைத்து, நமக்குப் பின்னால் வரும் முதலாம் ஆண்டு தம்பி தங்கைகளுக்குக் கொடுப்போம். அதுவே போஸ்டலுக்கு நாம் செலுத்தும் அஞ்சலி!