உள்ளங்களை உணர்ந்த கு.ப.ரா.

தமிழ்ச் சிறுகதை தளிர்விட்டு வளர்ந்த காலத்தில் அதற்கு உரமிட்டவர்கள் பலர். அவர்களுள், வீட்டுச் சுவர்களுக்குள் மறைந்து கிடக்கும் மனவேதனைகளை மென்மையாக எடுத்துரைத்தவர் கு.ப. ராஜகோபாலன் ஆவார். கு.ப.ரா. என்றே இலக்கிய உலகம் அவரை அழைக்கிறது. பெண்களாகிய நாம் அறிந்திருக்க வேண்டிய வாழ்க்கை அவருடையது.

அவர் 1902-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் கும்பகோணத்தில் பிறந்தார். இளமையில் திருச்சியில் கல்வி பயின்றார். தந்தையாரை இளவயதிலேயே இழந்தார். பின்னர் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் படித்துப் பட்டம் பெற்றார். அதே ஊரைச் சேர்ந்த ந. பிச்சமூர்த்தி அவருடைய உயிர்த்தோழர். இருவரும் பிற்காலத்தில் எழுத்துலகில் இணைபிரியாப் பெயர்களாக விளங்கினர்.

படிப்பு முடிந்ததும் மேலூர் தாலுகா அலுவலகத்தில் அவருக்கு வேலை கிடைத்தது. மணமும் நடந்தது. வாழ்க்கை ஓரளவு சீராகச் செல்லும் என்று எண்ணியிருந்த வேளையில், கண்புரை நோய் அவரைத் தாக்கியது. பார்வை மங்கியது. கோப்புகளைப் படிக்க இயலாத நிலையில் அரசாங்க வேலையை விட்டு விலக நேர்ந்தது. குடும்பத்தைக் காக்க வேண்டியவருக்கு இது எத்தகைய பேரிடி என்பதை நாம் எண்ணிப் பார்க்கலாம்.

அந்த நாட்களில் அவருக்குக் கண்ணாக இருந்தவர் தங்கை சேது அம்மாள். அண்ணன் சொல்லச் சொல்ல, தங்கை எழுதினார். அவ்வாறு எழுதிப் பழகியவர், பின்னர் தாமே கதைகள் படைத்து, கு.ப. சேது அம்மாள் என்ற பெயரில் சிறந்த எழுத்தாளரானார். அறுவைச் சிகிச்சையால் அண்ணனுக்குப் பார்வை திரும்பியது. ஆயினும் தங்கை எழுதுகோலைக் கீழே வைக்கவில்லை.

பார்வை பெற்ற கு.ப.ரா. எழுத்தையே தொழிலாகக் கொண்டு சென்னை சென்றார். 'மணிக்கொடி' இதழில் அவர் கதைகள் வெளிவந்தன. 'விடியுமா?' என்னும் கதையில், மருத்துவமனையில் கிடக்கும் கணவனைக் காண ஒரு பெண் உடன்பிறந்தவனோடு இரவு ரயிலில் புறப்படுகிறாள். நம்பிக்கையும் அச்சமும் மாறி மாறி அவர்களை அலைக்கழிக்கின்றன. விடியற்காலையில் சென்னையை அடைந்தபோது அவன் உயிருடன் இல்லை. 'கனகாம்பரம்' கதையிலோ, புதுமைக் கருத்துகளைப் பேசும் கணவன், தன் மனைவி தன் நண்பனோடு கூச்சமின்றிப் பேசியதை அறிந்ததும் மனம் குமுறுகிறான். பேச்சு வேறு, நெஞ்சம் வேறு என்பதை ஆசிரியர் காட்டுகிறார். ஆனால் எவரையும் கொடியவர் என்று ஒதுக்கவில்லை. துன்புறுத்துபவரும் உள்ளே துன்புறுகிறார் என்பதை அவர் கண்டார்.

எழுத்து அவருக்குப் பெருமை தந்ததேயன்றிப் பொருள் தரவில்லை. வறுமை வாட்டியது. மீண்டும் கும்பகோணம் வந்தார். அங்கே அவரைத் தேடி வந்த இளைஞருள் ஒருவர் தி. ஜானகிராமன். இறுதிக் காலத்தில் 'கிராம ஊழியன்' இதழின் ஆசிரியப் பொறுப்பை ஏற்றார். கால்களில் கடுமையான நோய் கண்டு, 1944-ஆம் ஆண்டு ஏப்ரல் 27-ஆம் நாள், 42-ஆம் வயதில் மறைந்தார்.

வத்தல்மலைச் சிற்றூர்களிலிருந்து படிக்க வரும் நம் தோழியருள் சிலர், தம் வீட்டில் முதன்முதலாக எழுதக் கற்றவர்கள். பாட்டி சொல்லச் சொல்ல மடல் எழுதித் தருவதும், வந்த மடலைப் படித்துக் காட்டுவதும் அவர்களுக்குப் பழக்கமான வேலை. அது சிறு வேலையன்று; சேது அம்மாள் தொடங்கியதும் அங்கேதான். சொல்பவரின் தயக்கம், பெருமூச்சு, பாதியில் விழுங்கிய சொல் ஆகியவற்றை எழுதும் கை உணர்ந்துவிடுகிறது.

பக்கத்து இருக்கைத் தோழி இரண்டு நாட்களாக முகங்கொடுத்துப் பேசவில்லை என்றால், அவளைச் செருக்குடையவள் என்று நாம் உடனே முடிவு கட்டிவிடுகிறோம். அவள் வீட்டில் என்ன நேர்ந்ததோ என்று ஒரு கணம் எண்ணுவோமானால், கு.ப.ரா.வின் கதைகளைப் படித்ததன் பயனை நாம் அடைந்தவர்களாவோம்.