விஞ்ஞான மேதை டேனியல் பெர்னூலி

தையல் வகுப்பில் நூல் தீர்ந்த மரக்கட்டை ஒன்றின் அடியில், தபால் அட்டையில் வெட்டிய சிறு சதுரத்தைப் பிடித்தோம். அது பக்கவாட்டில் நழுவாதிருக்க, நடுவில் குத்திய குண்டூசி கட்டையின் துளைக்குள் நின்றது. மேலிருந்து பலமாக ஊதிக்கொண்டே கையை எடுத்தோம். அட்டை பறந்து விழும் என்றே எல்லோரும் எண்ணினோம். விழவில்லை! மூச்சு நின்ற பிறகே விழுந்தது.

இவ்விந்தைக்கு அடிப்படையான விதியைத் தந்தவர் டேனியல் பெர்னூலி. இவர் 8-2-1700 அன்று ஹாலந்திலுள்ள குரோனிங்கன் நகரில் பிறந்தார். தந்தை ஜோஹான் பெரும் கணித மேதை. தம் தகப்பனார் மசாலா வியாபாரத்துக்கு அழைத்தபோது மறுத்துக் கணிதம் கற்றவர் அவர். அவரே தம் மகனை வியாபாரியாக்க முயன்றார் என்பதுதான் எங்களுக்கு விளங்கவில்லை! கடைசியில் டேனியல் மருத்துவம் படித்து, சுவாசத்தைப் பற்றி எழுதி 1721இல் பட்டம் பெற்றார். கணிதத்தையும் விடவில்லை.

1725இல் அண்ணன் நிக்கோலாசுடன் ரஷ்யாவுக்குச் சென்றார். மறு ஆண்டே அண்ணன் இறந்தார். அத்துயரிலும் ஆராய்ச்சி தொடர்ந்தது. குழாயில் துளையிட்டு, கண்ணாடிக் குழல் செருகி, ஓடும் நீரின் அழுத்தத்தை அளந்தார். மருத்துவர்கள் இம்முறையையே இரத்த அழுத்தம் அறியவும் கையாண்டனர். ஓட்டம் விரைந்தால் அழுத்தம் குறையும் என்பதே அவர் கண்டது.

பாரிஸ் கலைக்கழகப் பரிசைப் பத்து முறை வென்றார். எப்போதும்வென்றான் என்னும் எங்கள் ஊர்ப் பெயர் அவருக்கும் பொருந்தும். ஆனால் 1734இல் வென்றதே வினையாயிற்று. அவ்வாண்டுப் பரிசு தந்தைக்கும் மகனுக்கும் சமமாகக் கிடைத்தது. மகனோடு சமமாக வைக்கப்பட்டதைப் பொறாத தந்தை அவரை வீட்டைவிட்டே விலக்கினார். 1738இல் வெளியான தம் 'ஹைட்ரோடைனமிக்கா' நூலின் முகப்பில், ஜோஹானின் மகன் என்றே டேனியல் தம்மைக் குறித்துக்கொண்டார். தந்தையோ அதே பொருளில் நூல் எழுதி, 1732 என்று முன்தேதியிட்டு வெளியிட்டார். எவ்வளவு வலித்திருக்கும்! டேனியல் 17-3-1782 அன்று பாசல் நகரில் காலமானார்.

இன்று கணிப்பொறிச் சில்லுகள் செய்யும் ஆலைகளில், கை பட்டால் கெட்டுவிடும் மெல்லிய சிலிக்கன் தகடுகளைக் காற்றாலேயே தூக்குகிறார்கள். கருவியின் நடுவிலிருந்து பீறிடும் காற்று, தகட்டின் மேலுள்ள இடுக்கில் நாற்புறமும் விரைந்தோட, அங்கே அழுத்தம் குறைகிறது. அடியிலுள்ள காற்று தகட்டை மேலே தாங்குகிறது. மிக நெருங்கினாலோ, வெளியேறும் காற்றே தள்ளி நிறுத்துகிறது. பக்கவாட்டில் நழுவாமலிருக்க மட்டும் ஓரங்களில் சிறு தடுப்புகள் வைப்பார்கள், எங்கள் குண்டூசியைப் போல. அதற்குப் பெர்னூலி பிடிப்பான் என்று பெயர்.