எல்லாரையும் பாட வைத்த எம்.பி.எஸ்.



ஆண்டு விழா, சுதந்திர தினம், பிரிவு உபசார விழா, எது வந்தாலும் பள்ளிக்கூடத்தில் முதலில் கிளம்புகிற கேள்வி ரெண்டு. யார் பாடறது? என்ன பாட்டு? முதல் கேள்விக்கு எல்லாருக்கும் பதில் தெரியும். நல்லா பாடுற நாலு பேர் எப்பவும் இருப்பாங்க. மத்தவங்க வேலை கை தட்டறது, பெஞ்சு தூக்கறது. ரெண்டாவது கேள்விக்கும் பதில் ரெடி. அந்த வருஷம் ஹிட்டான சினிமாப் பாட்டு. இந்த ரெண்டு பதிலுமே வேண்டாம் என்று வேலை செய்த ஒருவரைப் பற்றித்தான் இந்த இதழில் எழுதுகிறேன். அவர் எம்.பி.சீனிவாசன். சுருக்கமாக எம்.பி.எஸ். வேடிக்கை என்னவென்றால், அவரே ஒரு சினிமா இசையமைப்பாளர்!

1925 செப்டம்பர் 19-ல் சித்தூரில் பிறந்தார். அப்போது அது சென்னை மாகாணத்தில் இருந்தது. எம் என்றால் மானாமதுரை, பி என்றால் பாலகிருஷ்ணன். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தார். சுதந்திரப் போராட்டம் சூடாக நடந்த நேரம். மாணவர் இயக்கத்தில் சேர்ந்தார், அப்படியே பொதுவுடைமைக் கட்சிக்கும் போனார். பிறகு டெல்லியில் கேரளத் தலைவர் ஏ.கே.கோபாலனிடம் வேலை பார்த்தார்.

அந்த நாட்களில் 'இப்டா' என்று ஒரு அமைப்பு. இந்திய மக்கள் நாடக மன்றம். 1943-ல் தொடங்கியது. தெருமுனை, தொழிற்சாலை வாசல், மைதானம் என்று எங்கே ஜனம் கூடுகிறதோ அங்கே நாடகம் போடுவார்கள், பாட்டு பாடுவார்கள். ஒருத்தர் உட்கார்ந்து பாட, ஊரே வாயை மூடிக்கொண்டு கேட்கிற கச்சேரி இல்லை. கூட்டமாக நின்று பாடறது. எம்.பி.எஸ்.ஸுக்கு அது மனசில் பதிந்துவிட்டது.

அவருடைய கல்யாணத்தையும் சொல்லியாகணும். வரலாற்றுப் பாடத்தில் ஜாலியன் வாலாபாக் படித்திருப்போம். 1919-ல் டாக்டர் சைபுதீன் கிச்லு, டாக்டர் சத்யபால் இரண்டு பேரையும் ஆங்கிலேய அரசு பிடித்துக்கொண்டு போனதால்தான் அமிர்தசரஸில் மக்கள் கொதித்தார்கள். அந்த கிச்லுவின் மகள் சாஹிதாவைத்தான் எம்.பி.எஸ். மணந்தார். மதம் வேறு, மொழி வேறு, ஊர் வேறு. பாடப் புத்தகத்தில் பத்தி பத்தியாகப் படிக்கிற ஒற்றுமையை அவர் வீட்டுக்குள்ளேயே வைத்திருந்தார்.

சென்னைக்குத் திரும்பிய பிறகு சினிமா. 1960-ல் 'பாதை தெரியுது பார்' படத்துக்கு இசை. அதில் எழுத்தாளர் ஜெயகாந்தன்கூட ஒரு பாட்டு எழுதியிருக்கிறார். அடுத்த வருஷம் 'கால்பாடுகள்' என்ற மலையாளப் படம். அதில் ஸ்ரீ நாராயண குருவின் வரிகளைப் பாட 21 வயசுப் பையன் ஒருவரை மைக் முன்னால் நிற்க வைத்தார். 1961 நவம்பர் 14, குழந்தைகள் தினம். அந்தப் பையன்தான் கே.ஜே.யேசுதாஸ். அவர் சினிமாவுக்குப் பாடிய முதல் பதிவு அதுதான். மலையாளத்தில் நிறையப் படம் செய்தார் எம்.பி.எஸ். அடூர் கோபாலகிருஷ்ணனின் 'சுயம்வரம்' (1972), 'எலிப்பத்தாயம்' (1981) எல்லாம் அவர் இசைதான். சினிமாவில் வாத்தியம் வாசிக்கிறவர்கள், தொழிலாளர்கள் எல்லாருக்கும் சங்கம் அமைக்கவும் பாடுபட்டார். வாசித்தவர் பெயர் படத்தில் வராது, கூலியாவது சரியா வரணுமே!

இவ்வளவும் செய்தவரைப் பற்றி எழுத எனக்குக் காரணம் வேறு. 1970-களின் தொடக்கத்தில் அவர் சென்னையில் ஒரு குழு ஆரம்பித்தார். மெட்ராஸ் யூத் கொயர். தமிழில் சேர்ந்திசை என்று சொல்வார்கள். அதில் வந்து பாடினவர்கள் பெரிய வித்வான்கள் இல்லை. வேறே வேலை பார்த்துக்கொண்டே சாயங்காலம் பாட வந்த சாதாரண ஜனங்கள். பாரதியார் பாட்டையும், இந்தியாவின் பல மொழிப் பாட்டுகளையும் அவர்கள் பாடினார்கள்.

சேர்ந்து பாடறதுல என்ன புதுசு என்று கேட்கலாம். நம்ம மதுராந்தகம் ஏரிப் பாசன வயல்களில் நடவுப் பாட்டு பாடியது ஆயாமார்களைக் கேட்டால் தெரியும். ஒரு அம்மா எடுத்துக் கொடுக்க, மத்தவங்க வாங்கிப் பாடுவாங்க. ஆனால் எல்லாருக்கும் ஒரே மெட்டு. எம்.பி.எஸ். செய்தது வேற. ஒரு கூட்டம் மேல் ஸ்தாயியில் ஒரு மெட்டு, இன்னொரு கூட்டம் கீழே வேறொரு மெட்டு, அதே நேரத்தில் பாடும். பின்னல் கோலாட்டம் பார்த்திருப்பீர்களே, ஆளுக்கொரு வழியில் சுற்றுவார்கள், மேலே கயிறு மட்டும் அழகாகப் பின்னிக்கொண்டே வரும். அதுமாதிரி. மேல்நாட்டு தேவாலயப் பாட்டில் இது பழைய முறை. நம் ராகத்தில் செய்வதுதான் கஷ்டம். கூடச் சேர்க்கிற மெட்டில் ஒரு சுரம் தப்பாக விழுந்தாலும் ராகம் கலைந்துவிடும்.

இந்த இடத்தில் ஜப்பானைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் அங்கே இது பள்ளிக்கூடத்து வேலை. 1881-லேயே அரசாங்கம் பள்ளிப் பாட்டுப் புத்தகம் போட்டது. அதில் ஸ்காட்லாந்து மெட்டு ஒன்றுக்கு ஜப்பானிய வரிகள் எழுதிச் சேர்த்தார்கள். மின்மினி வெளிச்சத்தில் படிப்பதைப் பற்றிய அந்தப் பாட்டு நூறு வருஷத்துக்கு மேல் பிரிவு விழாக்களில் பாடப்படுகிறது. 1932 முதல் வானொலி நிலையமே பள்ளிகளுக்குள் பாட்டுப் போட்டி நடத்தத் தொடங்கியது. பல பள்ளிகளில் வகுப்புக்கு வகுப்பு போட்டி உண்டு. வகுப்பே உட்கார்ந்து பேசிப் பாட்டைத் தேர்ந்தெடுக்கும். ஒரு மாணவர் கை அசைத்து நடத்துவார், ஒரு மாணவர் பியானோ. மிச்சம் அத்தனை பேரும் பாடணும், விதிவிலக்கு கிடையாது!

இன்னொரு பாட்டின் கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். 1991-ல் சைதாமா மாநிலத்தில் சிச்சிபு என்ற மலை ஊர். அங்கே ஒரு நடுநிலைப் பள்ளியில் தலைமை ஆசிரியர் வரி எழுத, இசை ஆசிரியை மெட்டுப் போட, வெளியே போகிற மாணவர்களுக்காக ஆசிரியர்கள் எல்லாரும் மேடையேறிப் பாடினார்கள். 'புறப்படும் நாளில்' என்று பொருள் வரும் பெயர். ஒரு தடவை பாட எழுதினது, இப்போது ஜப்பான் முழுக்கப் பிரிவு விழாக்களில் பாடுகிறார்கள். (நம் ஆசிரியர்கள் கவனிக்கவும்!)

பாட்டைத் தேர்ந்தெடுப்பதில் அவர்கள் ஒரு நுட்பம் வைத்திருக்கிறார்கள். எட்டாவது ஒன்பதாவது பசங்களுக்குக் குரல் உடையும். நேற்று வரைக்கும் பாடினவன் இன்றைக்கு வாய் திறந்தால் பின் பெஞ்சில் சிரிப்பு. அதோடு பாடறதையே விட்டுவிடுவான். அதனால் அந்த வயசுக்கான பாட்டுகளை மூன்று பாகமாக எழுதுகிறார்கள். பெண்களுக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று, பையன்களுக்கு என்று தனியாக ஒன்று, அதிக உயரம் போகாமல். உடைந்த குரலுக்கும் ஒரு வரி உண்டு. சினிமாப் பாட்டு இதற்கு ஒத்து வராததன் காரணமும் இதுதான். அது ஒரே ஒரு தேர்ந்த குரலுக்காக எழுதினது. அந்த உயரத்துக்கு நாற்பது பேர் கத்தினால் எப்படி இருக்கும் என்று நமக்கே தெரியும்.

எம்.பி.எஸ். இதே வழியில்தான் போனார். பள்ளிப் பிள்ளைகளைச் சேர்த்துப் பாட வைப்பது அவருக்குப் பெரிய வேலையாகிவிட்டது. கேரளத்தில் ஆயிரக்கணக்கான பிள்ளைகளை ஒரே இடத்தில் நிற்க வைத்துப் பாட வைத்திருக்கிறார். கற்பனை செய்து பாருங்கள், நம்ம பள்ளி மாதிரி பல பள்ளிகள் ஒரே மைதானத்தில், எதிரே ஒரு மனிதர், அவருடைய ரெண்டு கை. இத்தனைக்கும் நடுவில் சினிமா வேலையும் இருந்தது. அதில்தான் பணமும் பேரும். பாட்டு வராத பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவதில் ரெண்டும் கிடையாது. இருந்தும் போனார்.

1988-ல் லட்சத்தீவுக்குப் போனதும் சேர்ந்திசை வேலையாகத்தான். கடல் நடுவே சின்னச் சின்னத் தீவுகள். மார்ச் 9-ஆம் தேதி அங்கேயே காலமானார். வயது 62. அவர் போன பிறகும் சென்னைக் குழுவினர் பல வருஷம் அவருடைய பாட்டுகளைப் பாடிக்கொண்டிருந்தார்கள்.

இந்த வருஷ ஆண்டு விழாவுக்கு ஒரே ஒரு பாட்டாவது முழு வகுப்பும் பாடறமாதிரி எடுக்கலாமா என்று கேட்கத்தான் இவ்வளவு எழுதினேன். பாரதியார் பாட்டிலேயே தேடலாம். ரொம்ப உயரம் போகாத மெட்டு, சுலபமாக வாயில் நுழைகிற வரி, குரல் உடைந்த பசங்களுக்கு ஒரு கீழ் வரி. பாட்டு யோசனை உள்ளவர்கள் பெயர், வகுப்பு எழுதி இந்தத் தாளுக்குக் கீழே சீட்டு ஒட்டவும். குண்டூசி தமிழ் ஐயா மேசையில் இருக்கிறது.