அண்ணல் பதவி துறந்த வரலாறு

படைவீரர் ஒருவரின் மகனாய் 1891-ல் பிறந்த அண்ணல் அம்பேத்கர், 1947-ல் சட்ட அமைச்சரானார். திட்டத்துறையும் தமக்குக் கிட்டுமென எதிர்பார்த்தார், கிட்டவில்லை. அயல்நாட்டு விவகாரம், பாதுகாப்பு ஆகிய அமைச்சரவைக் குழுக்களிலும் அவருக்கு இடமளிக்கப்படவில்லை. மனம் வருந்தினார், ஆயினும் விலகினாரில்லை. மகளிர்க்குச் சொத்துரிமையும் மணவிலக்குரிமையும் நல்கும் இந்து சட்டத் தொகுப்பு மசோதாவை நிறைவேற்றவே பொறுத்திருந்தார். 1951 செப்டம்பரில் அம்மசோதா கைவிடப்பட்டது. அம்மாதம் 27-ம் நாள் விலகல் கடிதம் எழுதினார், அக்டோபரில் வெளியேறினார். 1956 அக்டோபர் 14-ல் நாகபுரியில் பௌத்தம் தழுவினார்; டிசம்பர் 6-ல் மறைந்தார்.

அன்பர்களே! உரிய உயர்வு மறுக்கப்படுங்கால் சினத்தால் வேலையை உதறுதல் வேண்டா. எப்பணிக்காக அங்கிருக்கின்றோமோ, அப்பணி இனியும் இயலுமா என ஆராய்க. இயலுமெனில் பொறுத்திருத்தல் அடிமைத்தனம் அன்று. இயலாதெனில் வெளியேறுதல் தோல்வியும் அன்று.