லயத்துக்குச் சட்டத்தைக் கொண்டு சென்றவர்

இன்று ஹட்டனில் பஸ் ஏறினால் எந்தத் தோட்டத்துக்கும் போகலாம். நூறு வருடங்களுக்கு முன்னர் அப்படியல்ல. துரையின் அனுமதியின்றி வெளியார் உள்ளே நுழைந்தால் அத்துமீறல் என்று வழக்கு வரும். அந்தத் தடையைத் தாண்டியவர்தான் கோ. நடேசய்யர்.

தஞ்சாவூர்ப் பகுதியில் 1887இல் பிறந்து இலங்கை வந்த அவர், ஒரு பத்திரிகையாளர். தொழிலாளரின் நிலையை நேரில் அறியப் புடவை வியாபாரி வேடத்தில் தோட்டங்களுக்குச் சென்றார். புடவை வியாபாரக் குடும்பத்துப் பிள்ளையான எனக்கு அது நல்ல யோசனையாகவே படுகிறது. இஸ்தோப்பில் மூட்டையைப் பிரித்தால் லயத்துப் பெண்கள் தாமாகவே கூடிவிடுவார்கள் அல்லவா?

1925இல் அவர் சட்டநிரூபண சபை உறுப்பினரானார். கண்டதை அங்கே பேசினார். தோட்டத் தொழிலாளருக்கான குறைந்தபட்ச வேதனச் சட்டம் 1927இல் வந்தது. அதன்படி 1929இல் மலைநாட்டில் ஆணுக்கு நாட்கூலி 54 சதம், பெண்ணுக்கு 43 சதம். கொழுந்து பறித்தவர்களில் பெரும்பாலோர் பெண்களே. அவர்களுக்குச் சம சம்பளம் கிடைக்க 1984 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

சட்டம் ஏட்டில் இருந்தால் மட்டும் போதாது என்பதை நடேசய்யர் உணர்ந்திருந்தார். தொழிலாளரின் உரிமைகளை எளிய தமிழில் எழுதி அச்சிட்டார். 1931இல் ஹட்டனில் அகில இலங்கைத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தார். தேயிலை விலை விழுந்து சம்பளம் குறைக்கப்பட்டபோது எதிர்த்துக் கூட்டங்கள் நடத்தினார். எழுத வாசிக்கத் தெரியாதவர்களுக்காக அவருடைய மனைவி மீனாட்சி அம்மாள் மேடையேறிப் பாடினார். பெண்கள் வெளியே பேசத் தயங்கிய காலத்தில் அவர் காட்டிய துணிவு என்னை மிகவும் கவர்ந்தது.

1936இல் ஹட்டன் தொகுதி மக்கள் நடேசய்யரை அரசாங்க சபைக்கு அனுப்பினார்கள். 1947இல் அவர் மறைந்தார். மறுவருடமே வந்த பிரஜாவுரிமைச் சட்டம், அவர் யாருக்காகப் பேசினாரோ அந்த மக்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. ஒரு சட்டம் கூலியைக் கொடுத்தது. இன்னொரு சட்டம் குடியுரிமையைப் பறித்தது.

சகோதரிகளே, எம்மில் சிலர் நாளை சட்டத்தரணிகளாகவும் அதிகாரிகளாகவும் வரக்கூடும். அப்போது தோட்டத்திலிருந்து ஒரு தாய் கடிதமொன்றைக் கையில் ஏந்தி எம்மிடம் வரலாம். அதில் இருப்பதை அவருக்குப் புரியும் தமிழில் வாசித்துச் சொல்வோம். நடேசய்யர் ஆரம்பித்த வேலை இன்னும் முடியவில்லை.