தண்ணீரில் ஒளிந்திருந்த எதிரி!

ஜெர்மனியில் கிளாஸ்தால் என்ற சுரங்க ஊரில், 1843 டிசம்பர் 11ல் பிறந்தார் ராபர்ட் கோக். ஐந்து வயதிலேயே செய்தித்தாளைப் பார்த்து, தானாகவே வாசிக்கக் கற்றுக்கொண்டு பெற்றோரை அசத்தினார்!

மருத்துவம் படித்து, சிற்றூர் ஒன்றில் டாக்டரானார். அங்கே ஆடு, மாடுகள் ஆந்த்ராக்ஸ் நோயால் செத்து விழுந்தன. காரணம் என்ன? வீட்டையே ஆய்வுக்கூடமாக்கினார் கோக். மனைவி பரிசளித்த மைக்ராஸ்கோப்பும், ஊசிக்குப் பதிலாக மெல்லிய மரச்சீவல்களுமே கருவிகள். அந்த நோய்க்குக் காரணமான கிருமியை 1876ல் நிரூபித்தார்.

அரசு அவரை 1880ல் பெர்லினுக்கு அழைத்து, தேசிய சுகாதார அலுவலகத்தில் வேலை கொடுத்தது. 1882 மார்ச் 24ல், காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்ததாக அறிவித்தார். அந்த நாளைத்தான் இன்று உலக காசநோய் தினமாகக் கடைப்பிடிக்கிறோம்.

அடுத்து காலரா! அந்தக் கிருமியைத் தேடி எகிப்துக்கும், பிறகு நம் நாட்டுக் கல்கத்தாவுக்கும் வந்தார். மக்கள் புழங்கிய குளத்து நீரிலேயே, 1884ல் கிருமி சிக்கியது. ஆனாலும், தண்ணீரால் காலரா பரவுகிறது என்பதைப் பலர் நம்பவில்லை.

1892 ஆகஸ்டில், ஜெர்மனியின் ஹாம்பர்க் துறைமுக நகரில் காலரா புகுந்தது. வியாபாரம் கெட்டுவிடுமே என்று அஞ்சி, அதிகாரிகள் செய்தியை வெளியிடத் தயங்கினர். அதற்குள் நோய் ஊரெங்கும் பரவிவிட்டது. அரசு கோக்கை அனுப்பியது.

அங்கே ஒரு விந்தையைக் கண்டார் கோக். ஒட்டியே இருந்த அல்டோனா நகரில் நோய் மிகக் குறைவு. எல்லைத் தெருவில் ஒரு பக்க வீடுகளில் காலரா, எதிர்ப்பக்கம் நலம்! இரு நகரங்களுக்கும் எல்பே ஆற்று நீர்தான். ஆனால், அல்டோனாவில் அதை மணலில் வடிகட்டிக் கொடுத்தார்கள். ஹாம்பர்க்கில் அப்படியே குழாயில் விட்டார்கள். அதுதான் வித்தியாசம்!

தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கும்படி மக்களுக்குச் சொல்லப்பட்டது. வண்டிகளில் சுத்தமான நீர் வந்தது. ஆனாலும், 8,600 பேருக்கு மேல் இறந்துவிட்டனர். முன்பே சொல்லியிருந்தால் எத்தனையோ பேர் பிழைத்திருப்பார்கள்!

ஹாம்பர்க் பாடம் கற்றது. அடுத்த ஆண்டே அங்கும் மணல் வடிகட்டி வந்தது. காலரா போன்ற கொள்ளைநோய் யாருக்காவது வந்தால் உடனே அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1900ல் ஜெர்மனி சட்டம் போட்டது.

கோக்கும் ஒருமுறை சறுக்கினார். 1890ல் காசநோய்க்கு அவர் அறிவித்த மருந்து பலிக்கவில்லை. ஆனாலும், நோயைக் கண்டறிய அது பயன்பட்டது. 1905ல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது. 1910ல் மறைந்தார்.

ஜெர்மனியில் நோய்களைக் கண்காணிக்கும் தேசிய நிறுவனம் இன்றும் அவர் பெயரில்தான் இயங்குகிறது. எங்கே நோய் தலைகாட்டினாலும், சோதனை செய்து மக்களை எச்சரிக்கிறது.

குட்டீஸ், உங்கள் தெருவில் பலருக்கு ஒரே நேரத்தில் வயிற்றுப்போக்கு வந்தால் மறைக்காதீர்கள். பெரியவர்களிடம் உடனே சொல்லுங்கள். எதிரி தண்ணீரில் ஒளிந்திருக்கலாம்!