இரண்டு பாம்பும் ஒரு டாக்டரும்



செல்போன்ல வெளிநாட்டுக்காரங்க பாம்பைக் கழுத்துல மாலை மாதிரி போட்டுக்கிறதைப் பார்த்துட்டு, முதன்முதலா வளர்க்க எந்தப் பாம்பு சாது என்று நம்ம பள்ளியில் சில பேர் கேட்கிறார்கள். அதற்குப் பதிலாக, 200 வருஷத்துக்கு முன்னே மறைந்த ஒரு டாக்டரின் வாழ்க்கையைச் சொல்கிறேன். அவர் பெயர் பாட்ரிக் ரஸ்ஸல்.

ரஸ்ஸல் 1727-ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தில் எடின்பரோ நகரில் பிறந்தார். அங்கேயே மருத்துவம் படித்து முடித்து, 1750-இல் சிரியா நாட்டின் அலெப்போ நகருக்குப் போனார். அங்கே அவருடைய அண்ணன் அலெக்சாண்டர் டாக்டராக இருந்தார். அண்ணன் ஊர் திரும்பியதும் அந்த வேலை தம்பிக்கு வந்தது. 1760 முதல் 1762 வரை அலெப்போவில் பிளேக் நோய் பரவியது. ரஸ்ஸல் ஊரை விட்டு ஓடவில்லை. நோய் எப்படி வருது, எப்படிப் பரவுது என்று பார்த்துப் பார்த்துக் குறிப்பு எழுதினார். அந்தக் குறிப்புகள்தான் 1791-இல் பிளேக் பற்றிய பெரிய புத்தகமாக வந்தது. பயப்பட வேண்டிய ஒன்றை முதலில் நல்லாப் பார்த்துத் தெரிஞ்சுக்கணும் என்பது அவருடைய குணம்.

1781-இல் இன்னொரு சகோதரர் கிளாடுடன் விசாகப்பட்டினம் வந்தார். கிளாடுக்கு அங்கே கம்பெனி உத்தியோகம். அப்போது ரஸ்ஸலுக்கு 54 வயசு. தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்து, பிறகு கம்பெனியின் இயற்கை ஆராய்ச்சியாளராக இருந்த கோனிக் என்பவர் 1785-இல் இறந்துபோனார். அந்தப் பதவி ரஸ்ஸலுக்குக் கொடுக்கப்பட்டது. கர்நாடகப் பகுதி முழுக்க அவர் பொறுப்பு. இப்போதைய கர்நாடக மாநிலம் என்று நினைக்காதீர்கள். நம்ம கடலூர்ப் பக்கமெல்லாம் அப்போ அந்தப் பெயரில்தான் இருந்தது.

செடி கொடிகளை ஆராய வேண்டிய வேலைதான் அது. ஆனால் வயலிலும் வீட்டிலும் பாம்பு கடித்து ஜனங்கள் சாவதை அவர் பார்த்தார். எது விஷமுள்ளது, எது விஷமில்லாதது என்று பிரித்துச் சொல்ல சரியான நூல் இல்லை. அதனால் பாம்புகளைக் கொண்டுவரச் சொல்லி, வாயைத் திறந்து விஷப்பல் இருக்கிறதா என்று பார்த்தார். செதில்களை எண்ணினார். படம் வரையச் செய்தார். ஊர் மக்கள் சொன்ன பெயரையும் எழுதி வைத்தார். நாயையும் கோழியையும் கடிக்கவிட்டு விஷத்தின் வேகத்தைக் கணக்கிட்டார். அதைப் படிக்கும்போது எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. பாம்புக்கடிக்கு அப்போது பேர்போன தஞ்சாவூர் மாத்திரையையும் அவர் சோதித்துப் பார்த்தார். அதில் பாஷாணம் கலந்திருக்கும்! பாம்புக்கடிக்கு எந்த மாத்திரையும் மருந்தில்லை என்பது இன்று நமக்குத் தெரியும்.

1789-இல் அவர் இங்கிலாந்து திரும்பினார். 1796-இல் சோழமண்டலக் கரையின் பாம்புகள் பற்றி வண்ணப் படங்களோடு பெரிய புத்தகம் வெளியிட்டார். இரண்டாம் புத்தகம் 1801 முதல் பகுதி பகுதியாக வந்தது. அது முடிவதற்குள் 1805 ஜூலை 2-ஆம் தேதி லண்டனில் காலமானார். கடைசி வரை அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

இனி அந்த இரண்டு பாம்புக்கு வருவோம். கண்ணாடி விரியனுக்கு அறிவியலில் ரஸ்ஸலின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். 1797-இல் வைத்தது அது. இன்னொன்று மண்ணுளிப் பாம்பு. தரங்கம்பாடியில் கிடைத்த அந்தப் பாம்புக்கு, அங்கே பாதிரியாராக இருந்த ஜான் என்பவரின் பெயரை 1801-இல் வைத்தவர் ரஸ்ஸல்தான். மண்ணுளி விஷமில்லாதது, பெரும்பாலும் கடிக்காது, மண்ணுக்குள்ளேயே கிடக்கும். சாது என்றால் அதுதான் சாது.

ஆனால் கண்ணாடி விரியனும் பகலில் சாது மாதிரிதான் சுருண்டு கிடக்கும். அதை மலைப்பாம்புக் குட்டி என்றோ, திட்டுத் திட்டாகப் புள்ளி உள்ள இன்னொரு வகை மண்ணுளி என்றோ நினைத்துத் தொட்டவர்கள் உண்டு. முதுகில் சங்கிலி கோத்த மாதிரி மூன்று வரிசை முட்டை வடிவப் புள்ளி, முக்கோணத் தலை, குக்கர் மாதிரி சீறல். இவை கண்ணாடி விரியனின் அடையாளம். மண்ணுளிக்குக் கண் சின்னது, வால் மொட்டை. அதனால்தான் இருதலைப் பாம்பு என்கிறார்கள். தலை ஒன்றுதான்! அதிர்ஷ்டம் வரும், கோடிக்கணக்கில் விலை போகும் என்ற பொய்யை நம்பி அதைப் பிடித்துக் கடத்துகிறார்கள். ஒன்றும் செய்யாத பாம்புக்கு இப்படி ஒரு கஷ்டம்.

வெளிநாட்டில் புதுசா வளர்க்கிறவர்கள் பண்ணையில் பிறந்த சோளப்பாம்பை வாங்குகிறார்கள். நம் நாட்டுப் பாம்புகளைப் பிடிக்கவோ வளர்க்கவோ 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அனுமதிப்பதில்லை. ஆகவே நண்பர்களே, சாதுவான பாம்பு மண்ணுளிதான், ஆனால் அதற்கு வீடு நம்ம வீடு இல்லை, முந்திரித் தோப்பு மண்தான். எலியைத் தின்று நம்ம மணிலாவையும் நெல்லையும் காப்பாற்றுகிற வேலை அதற்கு இருக்கிறது.

முந்திரி பொறுக்கப் போகும்போது சருகுக்குள் கையை விடாதீர்கள். குச்சியால் தட்டிப் பார்த்து எடுங்கள். ராத்திரியில் டார்ச் இல்லாமல் நடக்காதீர்கள். பாம்பு கடித்துவிட்டால் ஓடக்கூடாது, கீறக்கூடாது, கயிறால் இறுக்கிக் கட்டக்கூடாது. கையையோ காலையோ அசைக்காமல் 108-க்குச் சொல்லி, உடனே அரசு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். விஷமுறிவு ஊசி அங்கே இருக்கும். ரஸ்ஸல் காலத்தில் அந்த ஊசி கிடையாது. எது விஷப்பாம்பு என்ற அறிவு ஒன்றுதான் அவர் கொடுக்க முடிந்த மருந்து. இன்றைக்கும் அதுதான் முதல் மருந்து.

பாம்பைக் கையில் பிடிக்காமலே அதைத் தெரிந்துகொள்ளலாம். நீங்க பார்த்த பாம்பின் நிறம், புள்ளி, வால் இதையெல்லாம் தூர நின்று கவனித்து நோட்டில் வரைந்து வாருங்கள். என்ன பாம்பு என்று அறிவியல் ஆசிரியரிடம் கேட்போம். அடுத்த சுவர்ப் பத்திரிகையில் ஒட்டுவோம்.



— ஒன்பதாம் வகுப்பு மாணவி, குள்ளஞ்சாவடி